தண்ணி தூக்காதே

பிப்ரவரி 9

அன்புள்ள தங்கச்சிக்கு,

அக்கா எழுதுறேன். நாங்க ரெண்டு பேரும் குறைவில்லாம வந்து சேர்ந்தோம். அங்க நீ, தம்பி, மாமா மூணு பேரும் சௌக்கியமா? மாமாவோட முட்டிவலி எப்படி இருக்கு?

இங்க போன் எடுக்காது. எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை. அணை கட்டுற இடத்துக்கு சிமெண்ட் ஏத்திட்டு வர்ற லாரியிலதான் தபாலும் வருது, போகுது. அதனால பதில் லேட்டானா கோபம்னு நினைச்சுக்காதே.

எங்க வீட்டுக்காரர் மாதிரி கிரேன் ஓட்டுறவங்களுக்குத் தனி குவார்ட்டர்ஸ் குடுத்திருக்காங்க. ரெண்டு ரூம், ஒரு சமையல்கட்டு. எனக்கே எனக்குன்னு ஒரு சமையல்கட்டு! வச்சது வச்ச இடத்துல இருக்கு. கரண்டியைக் காணோம், மூடியைக் காணோம்னு யார்கிட்டயும் கத்த வேண்டியதில்லை. சுவத்துல குழாய். திருப்பினா நாள் முழுக்க வெந்நீர். பதினோரு வருஷமா நீயும் நானும் ஒரு அடுப்புக்கு முட்டிக்கிட்டு நின்னதை நினைச்சா சிரிப்பு வருது. ஓரகத்தி ரெண்டு பேரும் ஒரே சமையல்கட்டுல நிக்கிறது ஒரே உறையில ரெண்டு கத்தியை வைக்கிற மாதிரின்னு சும்மாவா சொன்னாங்க.

கிளம்புற அன்னைக்கு உன்கிட்ட சரியா முகம் கொடுத்துப் பேசல. மனசுல வச்சுக்காதே. 'உங்க தலையை இனிமே யாரு பின்னி விடுவாங்க'ன்னு பஸ்ல ஏறும்போது கேட்டியே, அந்தக் கவலை உனக்கு வேணாம். தோள்பட்டை இப்ப பரவாயில்லை. கை நல்லாவே தூக்க வருது. நானே பின்னிக்கிறேன்.

எல்லாரும் வேளாவேளைக்குச் சாப்பிடுங்க.

உன் அக்கா

&nbsp;

மார்ச் 2

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

உங்க தங்கச்சி வணக்கம். கடுதாசி வந்துச்சு. நீங்களும் பெரியவரும் நல்லா இருக்கீங்கன்னு படிச்சதுல சந்தோஷம். வெந்நீர்க் குழாய் இருக்கிறதுலயும் சந்தோஷம்.

மாமா கடைத்தெரு வரைக்கும் நடந்து போறாரு, வர்றாரு. முட்டி தேவலை. காதுதான் இன்னும் மோசம். 'கடுதாசி யாருகிட்ட இருந்து'ன்னு கேட்டாரு. 'அக்காகிட்ட இருந்து'ன்னேன். 'எந்தக் கடையில இருந்து'ன்னாரு. மூணு தடவை சொல்லிப் பார்த்துட்டு ஆமா, கடையில இருந்துதான்னு சொல்லிட்டேன்.

எனக்குக் கொஞ்ச நாளா வயிறு சரியில்லை. பித்தம்னு நினைக்கிறேன். காலையில ஒண்ணும் இறங்க மாட்டேங்குது. தாளிக்கிற வாசனை வந்தாலே வெளிய ஓடிடறேன். தானா சரியாயிடும்.

உங்க கொழுந்தனாரைப் பத்தித்தான் சொல்லணும். விடியறதுக்கு முந்தி தெருக்குழாயில வர்ற தண்ணியை இவரு பேக்கரி வேலைக்கு நடுவுல ஓடி வந்து பிடிச்சு, ரெண்டு டிரம்மையும் ரொப்பி வச்சுட்டுப் போவாரில்ல? நீங்க போனதுல இருந்து டிரம் காலி. ஏங்கன்னு கேட்டா 'நான் எப்பப் பிடிச்சேன்'னு என்னையே கேக்குறாரு. முழுப் பூசணிக்காயை சோத்துல மறைக்கிறாரு. அண்ணன் வீட்டுல இல்லைன்ன உடனே தம்பிக்கு சோம்பேறித்தனம் வந்துடுச்சு. இதுல தினம் ஒரு சண்டை.

உங்க உடம்பையும் பெரியவர் உடம்பையும் பார்த்துக்கோங்க.

தங்கச்சி

&nbsp;

மார்ச் 14

அன்புள்ள தங்கச்சிக்கு,

இங்க ரெண்டு பேரும் நலம். மாமாவுக்குக் காது கேக்கலன்னா என்ன, நல்லது நாலு கேக்காமப் போனா கெட்டதும் நாலு கேக்காமப் போகுது. கொடுத்து வச்ச மனுஷன்.

உன் புருஷனைத் திட்டாதே. அவன் பொய் சொல்லல. டிரம்மை ரொப்பினது அவன் இல்லை, நான். நீ எழுந்திருக்கிறதுக்கு முந்தியே அந்த வேலை முடிஞ்சிருக்கும். புருஷன் ரொப்பி வச்சிருக்கார்னு நீயா நினைச்சுக்கிட்டு அவனுக்கு டீ போட்டுக் குடுப்பே. சரி, குடிச்சுட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்.

இப்ப எதுக்கு இதைச் சொல்றேன்னா, நீ தண்ணி தூக்காதே. குடத்தைத் தொடவே தொடாதே. அது பழகின உடம்புக்குத்தான் சரிப்படும், உன்னால ஆகாது. அவனைத் தூக்கச் சொல்லு. இல்லைன்னா ஆள் வச்சுக்கோ. வாசப்படியில பார்த்து இறங்கு, மழைநாள்ல பாசி பிடிச்சுக் கிடக்கும். பசிக்கலன்னாலும் கொஞ்சம் கஞ்சியாவது குடி.

வேற ஒண்ணும் விசேஷம் இல்லை. பித்தம்னா பித்தம்தான். நான் ஒண்ணும் கேக்கல.

உன் அக்கா

&nbsp;

மார்ச் 25

அக்காவுக்கு,

நலம். நீங்களும் நலமா இருக்கணும்.

சொல்லிக்காட்டாம இருக்க மாட்டீங்களே. இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொல்லாம ரொப்பி வச்சுட்டு, மலைமேல போய் உக்காந்துக்கிட்டு 'உன்னால ஆகாது'ன்னு எழுதுறீங்க. அப்ப இந்த வீட்டுல நான் உக்காந்து தின்னுக்கிட்டு இருந்தேன், அதானே? ஆள் வச்சுக்கணுமாம். நான் என்ன மகாராணியா?

உங்க கடுதாசி கைக்கு வந்த மறுநாள்ல இருந்து நான்தான் தண்ணி பிடிக்கிறேன். இவரு நான் பிடிக்கிறேன்னு வந்தாரு, வேணாம்னுட்டேன். இடுப்புல குடத்தை வச்சுக்கிட்டு வாசப்படி ஏறுறது என்ன பெரிய வித்தையா? ரெண்டு டிரம்மும் தளும்பத் தளும்ப இருக்கு. வந்து பார்த்துக்கோங்க.

நானும்தான் தினம் உங்க தலையைப் பின்னி விட்டேன். சண்டை போட்டு முகத்தைத் திருப்பிக்கிட்ட நாள்லயும் பின்னி விட்டேன். கொஞ்சம் இழுத்துப் பின்னியிருப்பேன், இல்லைங்கல. ஆனா அதை என்னைக்காவது சொல்லிக்காட்டினேனா?

மாமா உங்களை விசாரிச்சாரு. உடம்பைப் பார்த்துக்கோங்க.

தங்கச்சி

&nbsp;

ஏப்ரல் 3

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுறேன். உங்க அண்ணன் நலம். இந்தக் கடுதாசியை உன் பொண்டாட்டி கண்ணுல காட்டாதே. படிச்சுட்டுக் கிழிச்சுப் போடு.

அவ தண்ணி தூக்குறாளாம். இன்னையோட நிறுத்து. கையைப் பிடிச்சாவது நிறுத்து. அவளுக்குப் பித்தம் இல்லடா. தாளிக்கிற வாசனைக்கு ஓடுறது எதுக்குன்னு எனக்குத் தெரியாதா, எனக்கே காது குத்துறா. முன்னாடி ரெண்டு தடவையும் பக்கத்துல இருந்து பார்த்தவ நான். ரெண்டு தடவையும் எப்படிக் கலைஞ்சுதுன்னும் பார்த்தேன். இது தங்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம், இது தங்கணும்.

நேரா அவகிட்டயே எழுதினா என்னன்னு கேப்பே. போன தடவை கலைஞ்சப்ப உங்க பெரிய அத்தை பார்க்க வந்தாங்களே. நீ டாக்டரைப் பார்க்கப் போயிருந்தே. நான் பின்கட்டுல துணி அலசிக்கிட்டு இருந்தேன். 'பிள்ளை பெறாதவ கண்ணு முன்னாடியே நின்னா எந்த வயிறு தங்கும்'னாங்க. என் காதுல விழுந்துச்சு. கட்டில்ல படுத்திருந்த உன் பொண்டாட்டி காதுலயும் விழுந்திருக்கும். அவ ஒண்ணும் பேசல. அவளைக் குத்தம் சொல்லல நான். அந்த நிலைமையில யாரு என்ன பேச முடியும்? ஆனா அதுக்கப்புறம் அவ வயித்தைப் பத்தி நான் எப்படி வாய் திறக்கிறது? எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு தெரிஞ்சாலே அவளுக்குப் பயம் வந்துடும்னு நினைச்சேன். அதான் தண்ணி தூக்காதேன்னு மட்டும் எழுதினேன். அது வேற மாதிரி போய் முடிஞ்சுது.

உங்க அண்ணனை இந்த வேலைக்குக் கிளப்பினதும் நான்தான். அடுப்பைச் சாக்கு வச்சு சண்டை போட்டேன். அடுப்புக்காகவா ஒருத்தி வீட்டை விட்டுப் போவா? நான் கண்ணு முன்னாடி இல்லாம இருந்தா உங்களுக்கு ஒண்ணு தங்கட்டுமேன்னுதான் போனேன்.

சீக்கிரம் ஏதாவது செய். அவளைத் திட்டாதே.

அண்ணி

&nbsp;

ஏப்ரல் 24

அண்ணிக்கு,

தம்பி வணக்கம். அண்ணனுக்கும் சொல்லுங்க. அப்பா நல்லா இருக்காரு. எனக்கு எழுதிப் பழக்கமில்லை, தப்பா எழுதினா பொறுத்துக்கோங்க.

உங்க கடுதாசி முந்தாநாள்தான் வந்துச்சு. மண்சரிவுல ரோடு மூடிக் கிடந்துதாம். அதுக்குள்ள காரியம் மிஞ்சிப்போச்சு. ரெண்டு வாரத்துக்கு முந்தி ஒரு நாள், விடியற நேரம், அவ வாசப்படியில குடத்தோட உக்காந்துட்டா. அப்பாதான் பார்த்திருக்காரு. கூப்பிட்டிருக்கா, அவருக்குக் கேக்கல. தண்ணி சிந்தி ஓடி வந்து அவர் காலை நனைச்சப்பதான் திரும்பிப் பார்த்திருக்காரு. தண்ணியோட ரத்தமும் இருந்துச்சு.

ஆஸ்பத்திரியில இருக்கா. டாக்டரம்மா 'குழந்தை இருக்கு, ஆனா உறுதியா ஒண்ணும் சொல்ல முடியாது, கட்டிலை விட்டு இறங்கக் கூடாது'ன்னு சொல்லிட்டாங்க. காலுப்பக்கம் கட்டிலுக்கு செங்கல் வச்சு உயர்த்தியிருக்காங்க.

அண்ணி, நீங்க காட்டாதேன்னு சொன்ன கடுதாசியைக் காட்டிட்டேன். எனக்கு ஒளிச்சு வைக்கத் தெரியல. என் முகத்தைப் பார்த்தே குடுங்கன்னு கையை நீட்டிட்டா. படிச்சுட்டு சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா.

டிரம் இப்ப நான்தான் ரொப்புறேன். இடுப்பு விட்டுப் போகுது. நீங்க எப்படித்தான் தினமும் எழுந்தீங்களோ தெரியல. அந்த டீயெல்லாம் நான் குடிச்சேனேன்னு இருக்கு.

தம்பி

&nbsp;

மே 6

அக்காவுக்கு,

மல்லாக்கப் படுத்துக்கிட்டு பென்சில்ல எழுதுறேன். கோழி கிளறின மாதிரிதான் இருக்கும். நீங்களும் பெரியவரும் நலமா? நான் இருக்கேன். அதுவும் இருக்கு. இன்னைக்கு வரைக்கும்.

உங்களுக்கு ஏன் சொல்லலன்னா, உங்க கண்ணுக்குப் பயந்து இல்லை. ரெண்டு தடவையும் என்னைவிட நீங்கதான் அதிகமா அழுதீங்க. நான் தூங்குறேன்னு நினைச்சு சமையல்கட்டுல உக்காந்து அழுதீங்க. மூணாவது தடவையும் உங்களை அழ வைக்க வேணாம், நாலைஞ்சு மாசம் தாண்டட்டும், அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். தாண்டினதும் முதல் கடுதாசி உங்களுக்குத்தான்னு இவர்கிட்ட சொல்லி வச்சிருந்தேன்.

அத்தை சொன்னது உங்க காதுல விழலன்னுதான் இத்தனை நாளும் நினைச்சுக்கிட்டு இருந்தேன். அன்னைக்கு எனக்கு நாக்கு புரளல. ஆனா ரெண்டு நாள் கழிச்சு அத்தை மறுபடி வந்தாங்க. நீங்க கடைக்குப் போயிருந்தீங்க. 'எங்க அக்காவைப் பத்தி இப்படிப் பேசுற வாய் இந்த வாசப்படி ஏறக் கூடாது'ன்னு சொல்லி அனுப்பிட்டேன். அதுக்கப்புறம் அவங்க வர்றதில்லை. 'ஏன் அத்தை எட்டிக்கூடப் பார்க்கல, நான் ஏதாவது தப்பா நடந்துக்கிட்டேனா'ன்னு நீங்களே என்கிட்ட கேட்டீங்க. நான் என்ன பதில் சொல்றது? சொல்லணும்னா அந்த வார்த்தையை என் வாயால சொல்லணுமே. அதான் தெரியலன்னுட்டேன்.

இந்த வார்டு ரொம்ப அமைதி. நர்ஸம்மா செருப்புகூடச் சத்தம் போடாது. வீட்டுல நீங்க விடியக்காலையில பாத்திரத்தை ணங்குன்னு வைப்பீங்க, மாமா இருமுவாரு, நான் எரிச்சலோட எழுந்து வருவேன். இப்ப கண்ணை மூடிக்கிட்டு அந்தச் சத்தத்தைத் தேடுறேன். ஒரு டம்ளர் தண்ணியை நானே எழுந்து மொண்டு குடிக்கணும்னு ஆசையா இருக்கு அக்கா. இதெல்லாம் ஒரு ஆசைன்னு மூணு மாசத்துக்கு முந்தி யாராவது சொல்லியிருந்தா சிரிச்சிருப்பேன். என்னென்ன சுகத்துல இருந்தேன்னு தெரியாமலே இருந்திருக்கேன்.

ரோஷத்துல குடத்தைத் தூக்கினதுக்கும் அப்படி எழுதினதுக்கும் கோபப்படாதீங்க. உங்க தலை எப்படி இருக்கு?

தங்கச்சி

&nbsp;

மே 19

என் கண்ணு தங்கச்சிக்கு,

உன் கடுதாசியை எத்தனை தடவை படிச்சேன்னு கேக்காதே. உங்க பெரியவர் 'தாள் கிழிஞ்சுடப் போகுது'ன்னு வாங்கி வச்சுட்டாரு. நீயும் அதுவும் நலமா இருக்கணும். வேற என்ன கேக்கப் போறேன்.

தலையைப் பத்திக் கேட்டே. நான் எழுதினது சுத்தப் பொய். கை தோளுக்கு மேல போக மாட்டேங்குது. உங்க பெரியவர்தான் கட்டி விடுறாரு. டன் கணக்கு இரும்பைக் கிரேன்ல தூக்குற ஆளு, என் தலையையும் அதே மாதிரி முடிச்சுப் போட்டுத்தான் கட்டுறாரு. அவிழ்க்க ஒரு மணி நேரம் ஆகுது. பக்கத்து வீட்டு வெல்டர் பொண்டாட்டி பார்த்துட்டு என்ன வேண்டுதலான்னு கேட்டா.

வெந்நீர் நாள் முழுக்க வருதுதான். வந்து என்ன? கரண்டி வச்ச இடத்துலயே கிடக்குது. எடுக்க இன்னொரு கை இல்லை. நாள் முழுக்க வாயைத் திறக்காம இருந்துட்டு, சாயங்காலம் அவர் வந்து ஏதாவது கேட்டா குரல் கரகரன்னு வருது. நான் வேணும்னு கேட்டு வாங்கின தனிக்குடித்தனம் இது. பக்கத்துல இருந்தப்ப உன்னோட அருமை தெரியலன்னு சொல்ல மாட்டேன்டி. தெரிஞ்சுது. ஆனா அது எப்பவும் இருக்கும்னு நினைச்சுட்டேன்.

ஓடி வந்துடணும்னுதான் இருக்கு. பையைக்கூட எடுத்து வச்சேன். திரும்ப உள்ள வச்சுட்டேன். நான் வரலம்மா. அத்தை சொன்னது அபத்தம்னு எனக்குத் தெரியும். நீ நம்பலன்னும் இப்பத் தெரிஞ்சுடுச்சு. ஆனா நான் வந்து நின்ன நேரம் ஏதாவது ஆயிட்டா, நீ ஒண்ணும் சொல்ல மாட்டே, தம்பி ஒண்ணும் சொல்ல மாட்டான், நானே என்னைச் சொல்லிப்பேன். சாகுற வரைக்கும் சொல்லிப்பேன். அதைத் தாங்குற தெம்பு எனக்கு இல்லை. நல்லபடியா பிறந்து, தலை நின்னு, சிரிக்க ஆரம்பிக்கட்டும். அப்ப வர்றேன். அதுவரைக்கும் இங்க இருந்தே கும்பிட்டுக்கிட்டு இருக்கேன்.

அசையாமப் படு. தாகமா இருந்தா கூச்சப்படாம யாரையாவது கேட்டு வாங்கிக் குடி.

அக்கா

&nbsp;

ஜூன் 1

அக்கா,

நீ வா.

முதல்ல 'வாங்க'ன்னு எழுதிட்டு அடிச்சேன். வாங்கன்னா நீ யோசிப்பே. வான்னா வந்துதான் ஆகணும். கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து உன்னை நீன்னு சொன்னதில்லை. மரியாதை இல்லாதவன்னு திட்டணும்னா நேர்ல வந்து திட்டு.

வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. இங்கயும் கட்டில்தான். இவரு ராத்திரியில மாவு பிசைஞ்சு, விடியக்காலையில தண்ணி பிடிச்சு, பகல்ல என்னைப் பார்த்துக்கிட்டு உக்காந்தபடியே தூங்குறாரு. மாமா கஞ்சி காய்ச்சுறாரு. நான் உப்புன்னு சொன்னா அவருக்குப் பருப்புன்னு கேக்குது. அதுக்காகக் கூப்பிடல.

இது தங்குமா தங்காதான்னு டாக்டரம்மாவுக்கே தெரியாது. உன் கண்ணுக்கு எப்படித் தெரியும்? தங்கினா நாம சேர்ந்து சந்தோஷப்படணும். தங்கலன்னா உன் மடியில விழாம வேற எங்க போய் நான் அழுவேன்? ரெண்டுல எதுக்கும் நீ வேணும். பயத்தை நீ அங்க தனியா வச்சுக்கிட்டு, நான் இங்க தனியா வச்சுக்கிட்டு, இது என்ன குடித்தனம்?

பெரியவர் மன்னிக்கணும். அவருக்குச் சமைச்சுப் போட ஆள் இருக்காது. நாலைஞ்சு மாசம் கேன்டீன்ல சாப்பிடச் சொல்லு.

தங்கச்சி

&nbsp;

ஆகஸ்ட் 27

அன்புள்ள உங்களுக்கு,

உங்க உடம்பு எப்படி இருக்கு? கேன்டீன் சாப்பாடு வயித்துக்கு ஒத்துக்குதா? இங்க மாமா, தம்பி, நான் எல்லாரும் நல்லா இருக்கோம். நான் வந்ததுல இருந்து இந்த வீட்டுல ஒரு நாள்கூடச் சத்தம் ஓயல. கரண்டியைக் காணோம்னு நேத்துக்கூடக் கத்தினேன். கத்தும்போதே மனசுக்கு நிறைவா இருந்துச்சு. இந்த சிமெண்ட் லாரியிலேயே ஏறிப் போன்னு அன்னைக்கு நீங்க சொல்லலன்னா நான் வந்திருக்க மாட்டேன். உங்களுக்கு இதைக் கடுதாசியிலதான் சொல்ல முடியுது, நேர்ல வாய் வராது. நல்ல மனுஷன் நீங்க.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். நேத்து அவளுக்கு வலி எடுத்துடுச்சு. நாள் இன்னும் இருக்கு, ஆனா காத்திருக்க முடியாதுன்னுட்டாங்க. ஆஸ்பத்திரி வராந்தாவுல மாமா, தம்பி, நான். யாரு சொன்னாங்களோ, பெரிய அத்தையும் வந்துட்டாங்க. என்னைப் பார்த்ததும் தள்ளி உக்காந்தாங்க. எழுந்து வாசலுக்குப் போயிடலாமான்னு பார்த்தேன். மாமா என் புடவைத் தலைப்பைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. காது கேக்காட்டி என்ன, அவருக்கு எல்லாம் தெரியுது.

ரொம்ப நேரம் கழிச்சு அழுகைச் சத்தம் கேட்டுச்சு. பூனைக்குட்டி கத்துற அளவுதான். நர்ஸம்மா வெளிய வந்து 'பொண்ணு. சின்னதா இருக்கு, ஆனா மூச்சு நல்லா இருக்கு'ன்னாங்க. தம்பி எழுந்தான். அத்தை எழுந்தாங்க. 'யாரும் வர வேணாம். அக்கா யாரு? அவங்கதான் முதல்ல பார்க்கணுமாம். அவங்க பார்க்காம வேற யாருக்கும் காட்டக் கூடாதுன்னு பெத்தவ சொல்றா'ன்னாங்க.

நான் தம்பியைத்தான் முன்னாடி தள்ளினேன். அவன் என் கையைப் பிடிச்சு உள்ள விட்டுட்டுக் கதவைச் சாத்திட்டான்.

நான் தரையைப் பார்த்துக்கிட்டே நின்னேங்க. அவ குரல் கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி வந்துச்சு. 'கீழ என்னத்தைத் தேடுறே, இங்க வா'ன்னா. போனேன். கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன். 'அப்புறமா பார்க்கிறேன்டி, கொஞ்சம் தேறட்டும்'னேன். என் ரெண்டு கையையும் இழுத்து அதுல குழந்தையை வச்சா. ஒரு ரொட்டிப் பொட்டலம் அளவுதான் கனம். சூடா இருந்துச்சு.

'கண்ணைத் திற அக்கா. ரெண்டு கண்ணாலயும் நல்லாப் பாரு. இவ முகத்துல முதல்ல விழுறது உன் கண்ணாத்தான் இருக்கணும்'னா.

பார்த்தேங்க. போதும்னு அவ சொல்ற வரைக்கும் பார்க்கலாம்னு பார்த்தேன். அவ போதும்னு சொல்லவே இல்லை.

இப்படிக்கு,
உங்கள் மனைவி